உங்களுக்குத் தெரியுமா? வெடிச்சத்தம் இல்லாத தீபாவளி

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் அருகே உள்ள கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை! கண்மாய் மரங்களில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று ஊரே சேர்ந்து எடுத்த முடிவு அது. பல பத்தாண்டுகளாகக் காத்து வருகிறார்கள். கோயில் திருவிழாவுக்கும் வெடி கிடையாது. யாரும் அதட்டி வரவழைத்த அமைதி அல்ல. அதனால்தான் இத்தனை காலம் நிலைத்திருக்கிறது.

● இந்தப் பறவைகள் கூடு கட்டும் இடம்தான் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். 1977-இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 38 ஹெக்டேர்தான். பாசனக் கண்மாய்களே சரணாலயம். அதே தண்ணீரில்தான் வயலும் விளைகிறது.

● நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, வக்கா எல்லாம் இங்கே உண்டு. நத்தை குத்தி நாரையின் அலகை உற்றுப் பாருங்கள்: மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். வயல் நத்தைகளே அதன் முக்கிய உணவு. வட ஆசியாவிலிருந்து ஊசிவால் வாத்தும் குளிர்காலத்தில் வந்து சேரும்.

● பறவைகளின் எச்சம் கண்மாய் நீரில் கலந்து வயலுக்கு உரமாகிறது.

● பட்டாசு வெடிக்காத ஊராருக்குத் தீபாவளியன்று வனத்துறையினர் இனிப்பு வழங்கி நன்றி சொல்வது வழக்கம்.

● காரைக்குடியிலிருந்து மதுரை போகும் வழியில், திருப்பத்தூரைத் தாண்டினால் கண்மாய் வந்துவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். மழை பொய்த்த ஆண்டில் கண்மாய் வறண்டால் பறவைகளும் குறைந்துவிடும், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். அதிகாலையில் போங்கள், ஹாரன் அடிக்காமல்.