இரவல் புத்தகம் செய்த வேலை!

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் 1904-ஆம் வருஷம் பரிசளிப்பு விழா. கணிதப் பரிசை வாங்க ஒரு பையன் மேடைக்கு வந்தான். பள்ளிக்கூடம் போடக்கூடிய முழு மார்க்கும் இவனுக்குப் போதாது என்று தலைமை உபாத்தியாயர் கிருஷ்ணஸ்வாமி ஐயர் சபையில் புகழ்ந்தார். பையனின் பெயர் ராமானுஜன். தகப்பனார் ஜவுளிக் கடைக் குமாஸ்தா.

அடுத்த மூன்று வருஷங்களில் அதே ராமானுஜன் எப்.ஏ. பரீட்சையில் இரண்டு முறை தவறிவிட்டார்!

இதற்கு வித்து பள்ளிக்கூட நாளிலேயே விழுந்துவிட்டது. வருமானம் போதாத குடும்பம். வீட்டில் கல்லூரி மாணவர்கள் தங்கிச் சாப்பிட்டார்கள். சிறுவன் அவர்களிடம் கணக்குக் கற்றான், புத்தகங்களும் கிடைத்தன. 1903-இல் கார் என்பவர் எழுதிய 'சினாப்ஸிஸ்' இரவலாக வந்தது. கார் லண்டனில் மாணவர்களைப் பரீட்சைக்குத் தயார் செய்த ஆசிரியர். புத்தகத்தில் கணித முடிவுகள் ஐயாயிரத்துக்கு மேல்! ஆனால் விளக்கம் சொற்பம். நிரூபணம் பெரும்பாலும் கிடையாது. வேறு பையனாக இருந்தால் மனப்பாடம் செய்திருப்பான், அல்லது மூடி வைத்திருப்பான். ராமானுஜன் ஒவ்வொன்றையும் தாமே நிரூபிக்க உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு மற்றப் பாடங்கள் கண்ணில் படவில்லை. கும்பகோணம் கல்லூரியில் கிடைத்த உபகாரச் சம்பளம் 1905-இல் போயிற்று. வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றார். பின்பு சென்னைப் பச்சையப்பன் கல்லூரி. அங்கும் தோல்வி. கணக்கில் சூரர்தான், ஆனாலும் எல்லாப் பாடங்களிலும் தேறினால்தான் எப்.ஏ.! பட்டமில்லாதவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? கல்யாணமும் ஆகிவிட்டது. அலைந்து திரிந்து 1912-இல் சென்னைத் துறைமுக டிரஸ்டில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார்.

காரின் புத்தகம் இன்னொன்றும் செய்தது. காகிதம் வாங்கக் காசில்லை. ராமானுஜன் ஸ்லேட்டில் கணக்குப் போடுவார், முழங்கையால் அழிப்பார், முடிவை மட்டும் நோட்டில் எழுதுவார். காரின் பாணியே அதுதானே! 1913-இல் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு அனுப்பிய கடிதமும் அப்படியே. நூற்றுக்கு மேற்பட்ட முடிவுகள், நிரூபணம் இல்லை. ஹார்டி வியந்தார், ஆனால் பதில் எழுதும்போது நிரூபணம் கேட்டார். கேட்காமல் என்ன செய்வார்?

1914-இல் ராமானுஜன் கப்பலேறினார். எப்.ஏ. தேறாதவருக்குக் கேம்பிரிட்ஜ் வழக்கமான தகுதிகளை வற்புறுத்தாமல் இடம் கொடுத்தது. பல காரணிகள் கொண்ட எண்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1916 மார்ச்சில் பி.ஏ. பட்டம் கிடைத்தது. பிற்காலத்தில் பிஎச்.டி. என்ற பெயர் பெற்ற பட்டம் அது! 1918-இல் ராயல் சொஸைட்டி அங்கத்தினர் ஆனார். அதற்குள் உடம்பு கெட்டுவிட்டது. 1919-இல் திரும்பியவர் 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி முப்பத்திரண்டு வயதில் காலமானார்.

நோட்டுகள் மிஞ்சின. அவற்றில் விட்டுப்போன நிரூபணங்களை அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் திரட்டியும் தாமே கண்டும் நூல்களாக வெளியிட்டார். முதல் பாகம் 1985-இல் வந்தது. ஐந்தாம் பாகம் வரும்போது 1998 ஆகியிருந்தது.