நீலத்தை மறித்தால்தான் பச்சை தெரியும்

மதுரையைச் சுற்றியுள்ள வயல்காட்டு வேலையில் நெல்லுமியோ தூசியோ கண்ணில் பட்டு, கருவிழி புண்ணாவது இன்றும் நடக்கிறது. 1994இல் மூன்றே மாதங்களில் அரவிந்த் கண் மருத்துவமனையில் ஆராயப்பட்ட கருவிழிப் புண் நோயாளிகள் 434 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு முன்பே கண்ணில் காயம் பட்டிருந்தது. இத்தகைய புண்ணின் எல்லையைக் காண ஃப்ளோரசின் சாயம் தடவிய தாளைக் கண்ணில் ஒற்றி நீல ஒளியைக் காட்டுவார்கள். தோலுரிந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். அதைப் பார்க்க மருத்துவரின் கண்ணே போதும். அதே சாயத்தை விழித்திரையில் தேடும்போதுதான் சிக்கல். மங்கிய ஒளியைப் பிடிக்க அதிக ஒளியும் கூர்மையான கேமராவும் வேண்டும் என்று தோன்றும். வேண்டாத ஒளியை மறிப்பதே முதல் வேலை என்பேன்.

சர்க்கரை நோயாளியின் விழித்திரைக் குழாய்கள் எங்கே கசிகின்றன என்று அறிய, கையில் ஊசி வழியாகச் சாயம் ஏற்றுகிறார்கள். பத்துப் பதினைந்து விநாடிகளில் அது கண்ணை எட்டிவிடும். சுமார் 490 நானோமீட்டர் நீலத்தை வாங்கி, 520ஐ ஒட்டிய பச்சையை அது உமிழ்கிறது. அந்தப் பச்சை எல்லாத் திசையிலும் சிதறுகிறது. சொட்டு மருந்தால் கண்பாப்பாவை 8 மில்லிமீட்டருக்கு விரித்தாலும், ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் பின்னாலுள்ள விழித்திரையிலிருந்து நூற்றில் ஒரு பங்குதான் அதன் வழியே வெளிவரும். விழித்திரையில் பட்டுத் திரும்பும் நீலமும் அதே வாசலில் வருகிறது, பச்சையைவிடப் பன்மடங்காக. ஆகவே விளக்கின் முன் நீலத்தை மட்டும் விடும் வடிகட்டி, கேமராவின் முன் நீலத்தைத் தடுக்கும் வடிகட்டி. இரண்டின் எல்லைகளும் சற்றே ஒன்றின்மேல் ஒன்று ஏறினால்கூட, சாயமே இல்லாத இடம் ஒளிர்வதுபோல் படம் பொய் சொல்லும். ஊசி போடுமுன்பே ஒரு படம் எடுத்துவைப்பது இதற்காகத்தான். அது கறுப்பாக இருக்க வேண்டும்.

விளக்கைக் கூட்டினால் என்ன? திரும்பும் நீலமும் அதே அளவில் கூடும். நோயாளியின் கண்ணுக்கும் ஒரு வரம்பு உண்டு. கேமராவைக் கூர்மையாக்கினால்? நிறம் பிரித்தறியாத கேமரா கசிந்த நீலத்தையும் சேர்த்தே பெருக்கும். நீலத்தை நன்றாக மறித்த பிறகு அந்தக் கூர்மை பயன்படும், மறுக்கவில்லை. வலுவான மறுப்பு வேறு: ஊசியும் சாயமும் இல்லாமலே குழாய்களைப் படமாக்கும் ஓசிடி ஆஞ்சியோகிராஃபி வந்துவிட்டதே! குமட்டலும் தோல் மஞ்சளாவதும் அதில் இல்லை. நுண்குழாய்களையும் அழகாகக் காட்டுகிறது. ஆனால் அது ஓடும் இரத்த அணுக்களின் அசைவைக் கொண்டு குழாயை அடையாளம் காண்கிறது. குழாய்ச் சுவரைத் தாண்டி மெல்ல ஊறும் கசிவு அதற்குப் புலப்படாது. கசிவா இல்லையா என்ற கேள்வி எழும் இடத்தில் 1961இல் அமெரிக்க மருத்துவ மாணவர்கள் இருவர் வெளியிட்ட சாய முறையே இன்னும் கைகொடுக்கிறது.