நானூறு காடுகளில் ஒரு பல்கலைக்கழகம்

(தொடர் – 17)

தர்மபுரிச் செம்மண் மேலே பார்க்கப் பொலபொலவென்றுதான் இருக்கும். ஓரடிக்குக் கீழே பல காடுகளில் கடப்பாரை 'ணங்' என்று நிற்கும். வருஷக்கணக்கில் ஒரே ஆழத்தில் உழுது உழுது இறுகிப்போன அடிமண் அது. வேர் அதைத் தாண்டாது, மழைத் தண்ணீரும் இறங்காது. 2004-05ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்த மாவட்டத்துக்குத் துல்லியப் பண்ணையத்தைக் கொண்டுவந்தபோது, விவசாயிக்குச் சொன்ன முதல் வேலை இந்த இறுகலை உளிக்கலப்பையால் கீறி உடைப்பதுதான். சொட்டுநீர்க் குழாயெல்லாம் அதற்குப் பிறகு.

தொழில்நுட்பம், அரசின் கொள்கை, தொழில்முனைவு மூன்றையும் ஒரு கூரையின் கீழ் சேர்க்கும் பல்கலைக்கழக மையங்கள் இன்று ஊருக்கு ஊர் திறக்கப்படுகின்றன. அவற்றின் கட்டடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு தர்மபுரிதான் நினைவுக்கு வருகிறது. இருபது வருஷத்துக்கு முன்பே அந்த மூன்றும் இங்கே ஒரே காட்டில் சேர்ந்து நின்றன. கூரைதான் இல்லை.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களிலும் சேர்த்து 400 ஹெக்டேர். ஒருவருக்கு ஒரு ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். மூன்று வருஷத்துக்கு மாநில அரசு ஒதுக்கியது 7.20 கோடி ரூபாய். பல்கலைக்கழகத்தின் சார்பில் பொறுப்பேற்று நடத்தியவர் பேராசிரியர் இ.வடிவேல். பயிர்களில் தக்காளி, கத்தரி, மிளகாய், முட்டைக்கோஸ் எல்லாம் இருந்தன.

சொட்டுநீர் இஸ்ரேலில் தொழிலாக வேர்விட்டது 1965ல், ஹட்செரிம் என்ற கூட்டுப்பண்ணையில் நெட்டாஃபிம் நிறுவனம் தொடங்கியபோது. சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மாவட்டமானதும் அதே வருஷம்தான். நெகேவ் பாலைவனத்து உத்தி நம் கிணற்று மேட்டுக்கு வந்து சேர நாற்பது வருஷம் பிடித்திருக்கிறது. தண்ணீர் பாத்தி நிறைய நிற்பதைப் பார்த்துப் பழகிய கண் நம்முடையது. செடிக்கடியில் உள்ளங்கை அகல ஈரத்தைக் காட்டி 'இது போதும்' என்றால் யார் உடனே நம்புவார்கள்? ஒரு போகம் போனால் கடன் கழுத்தை நெரிக்கும். விவசாயியின் அந்தத் தயக்கத்தை அறியாமை என்று சொல்பவர்கள்மேல் எனக்குக் கோபமே வரும்.

அந்தத் தயக்கத்துக்கு மதிப்புக் கொடுத்துத்தான் மானியத்தை வகுத்தார்கள். முதல் வருஷம் 100 பேருக்கு முழு மானியம். சொட்டுநீர் அமைப்புக்கு 75,000 ரூபாய், விதை, நீரில் கரையும் உரம் முதலிய சாகுபடிச் செலவுக்கு 40,000 ரூபாய். இரண்டாம் வருஷம் 200 பேர், 90 சதவீதம். மூன்றாம் வருஷம் 100 பேர், 80 சதவீதம். முதலில் இறங்குகிறவன் ஊருக்காகவும் சேர்த்துத் துணிகிறான், ஆகவே அவனுடைய பாரத்தை அரசு முழுதாகச் சுமக்கிறது. அடுத்து வருகிறவனுக்குப் பக்கத்துக் காட்டில் விளைந்து நிற்பதே சாட்சி, அவன் கொஞ்சம் கைப்பணம் போடலாம். கொள்கை வகுப்பது என்றால் என்ன என்று மாணவர்களுக்குச் சொல்ல எனக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைத்ததில்லை.

நாற்றும் மாறியது. மேட்டுப்பாத்தியில் விதையை இறைத்து, பிடுங்கி நடும் பழக்கம் போய், நிழல்வலைக் கூடாரத்தில் குழித்தட்டு வந்தது. தட்டுக்கு 98 குழி, குழிக்கு ஒரு விதை, மண்ணுக்குப் பதில் மக்கிய தென்னைநார்க் கழிவு. ஒரு நாற்றை இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். வேர் வெள்ளை வெளேரென்று நாரைச் சுற்றிப் பின்னிக்கொண்டு, குழியின் அச்சு அப்படியே வரும். வேர் அறாததால் நட்ட பிறகு வாடி நிற்கும் நாட்கள் குறைவு, காடு ஒரே சீராக எழும்பும். வீரிய ஒட்டு விதையை எண்ணி எண்ணி வாங்குகிற விலையில், ஒரு குழிக்கு ஒரு செடி தேறுவது பெரிய காரியம். இந்த நாற்றங்கால்களே பிறகு தனித்தொழிலாகவும் ஆயின.

ஆனால் இந்தத் திட்டத்தின் உயிர் குழாயிலும் தட்டிலும் இல்லை என்றே நினைக்கிறேன். தனி ஆளாக வந்து மானியம் வாங்கிப் போக வழி வைக்கவில்லை. 25, 30 பேராகச் சேர்ந்து சங்கம் அமைக்க வேண்டும். உரத்தை மொத்தமாக விலை பேசி வாங்க வேண்டும், சந்தை நிலவரத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். விஞ்ஞானிகள் காட்டுக்கு வந்து செடியைப் பார்த்து, எந்த வாரம் எந்த உரம் எவ்வளவு என்று சொன்னார்கள். இந்தச் சங்கங்களின் வழியே விவசாயிகளே பங்குதாரர்களான தர்மபுரி துல்லியப் பண்ணைய விவசாயிகள் வேளாண் சேவை நிறுவனமும் பிறந்தது. இடுபொருளுக்காக அடுத்தவர் கடைப்படியில் நின்றவர்கள் தாங்களே கல்லாவில் உட்கார்ந்தார்கள்.

2007க்குப் பிறகு தேசிய வேளாண் வளர்ச்சித் திட்டத்தின் வழியே துல்லியப் பண்ணையம் மற்ற மாவட்டங்களுக்கும் போனது. இன்று சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர் அமைக்க 100 சதவீதம் மானியம், மற்றவர்களுக்கு 75. நல்லதுதான், வேண்டியதுதான். ஆனால் பரவியதில் குழாய்க்குக் கிடைத்த இடம் சங்கத்துக்குக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம். எத்தனை ஹெக்டேருக்குக் குழாய் போட்டோம் என்று கணக்கெழுதுவது சுலபம். அந்த விவசாயி யாரோடு சேர்ந்து விற்கிறார், வெள்ளைப் பூச்சி கண்டால் யாரைக் கூப்பிடுகிறார் என்பதற்கு அந்தப் பதிவேட்டில் பத்தி கிடையாது. அந்தப் பத்தியைச் சேர்க்கச் சொல்லித்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஏனென்றால் விளைச்சல் கூடியதும் சிக்கல் சந்தைக்கு இடம் மாறுகிறது. ஒரே வாரத்தில் எல்லார் காட்டிலும் தக்காளி பழுத்தால், பறிகூலிக்குக்கூடத் தேறாமல் செடியிலேயே விடுகிற கொடுமையை இந்த மாவட்டம் திரும்பத் திரும்பப் பார்க்கிறது. சொட்டுக் குழாயால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. விலையை யார், எந்த நேரத்தில், எப்படி முடிவு செய்கிறார்கள்? அடுத்த வாரம், விடியுமுன்னே பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் போவோம்.

(தொடரும்)