டேக்வாண்டோ: கொரியாவின் கால்வீச்சுக் கலை

டேக்வாண்டோ என்பது கொரியத் தீபகற்பத்தில் உருவாகி உலகெங்கும் பரவியுள்ள ஒரு தற்காப்புக் கலை ஆகும். ஒலிம்பிக் விளையாட்டுகளுள் ஒன்றும் ஆகும். தமிழில் இதனை டைக்குவாண்டோ, தேக்வாண்டோ என்றும் எழுதுவர். கொரிய மொழியில் 'தே' என்பது காலால் மிதித்தலையும் உதைத்தலையும், 'க்வொன்' என்பது மடக்கிய கையையும், 'தோ' என்பது நெறியையும் குறிக்கும். வெள்ளைச் சீருடையும் வண்ணப் பட்டையும் அணிந்த பிள்ளைகளைக் கண்டவுடன் "கராத்தே கிளாஸ் போகிறார்கள்" என்று சொல்லிவிடுவது நம் ஊர்களில் வழக்கம். அவர்களுள் ஒரு பகுதியினர் உண்மையில் கற்பது டேக்வாண்டோ. இரண்டும் வெவ்வேறு கலைகள். ஆயினும் அவற்றுக்கிடையே நெருங்கிய உறவு உண்டு. அந்த உறவே இக்கலையின் வரலாற்றில் மிகுந்த விவாதத்துக்கு உள்ளான பகுதி.

பழமை பற்றிய விவாதம்

டேக்வாண்டோ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்று பயிற்சிக் கூடங்களின் கையேடுகள் பலவற்றில் அச்சிடப்பட்டிருக்கும். அதற்குச் சான்றாக இரண்டு செய்திகள் காட்டப்படும். ஒன்று, கோகுர்யோ அரசின் காலத்துக் கல்லறைச் சுவரோவியங்களில் இருவர் எதிரெதிரே நின்று மோதும் காட்சி. மற்றொன்று, சில்லா அரசில் இருந்த ஹ்வாரங் என்னும் இளைஞர் குழுவினர். ஓவியமும் உண்மை, ஹ்வாரங் இளைஞர்களும் உண்மை. ஆனால் அந்த ஓவியத்தில் இருப்பவர்கள் செய்தது இன்றைய டேக்வாண்டோதான் என்பதற்கோ, அது ஆசிரியர் மாணவர் வழியாக இன்றுவரை அறுபடாமல் வந்தது என்பதற்கோ சான்று இல்லை. 1790ஆம் ஆண்டு ஜொங்ஜோ மன்னரின் ஆணைப்படி தொகுக்கப்பட்ட 'மூயேதோபோதொங்ஜி' என்னும் போர்ப்பயிற்சி நூல் 24 பயிற்சி முறைகளைப் படங்களுடன் விளக்குகிறது. அவற்றுள் பெரும்பாலானவை வாள், ஈட்டி முதலிய ஆயுதப் பயிற்சிகள். வெறுங்கைச் சண்டைக்கு ஒரு பகுதியே உள்ளது.

ஆவணங்கள் காட்டும் வரலாறு வேறு. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அக்காலத்தில் படிப்புக்காக ஜப்பான் சென்ற கொரிய இளைஞர்கள் சிலர் அங்கு கராத்தே கற்றனர். லீ வொன்-குக், ரோ ப்யொங்-ஜிக் ஆகிய இருவரும் நவீன கராத்தேயின் முன்னோடியான கிச்சின் ஃபுனகோஷியிடம் பயின்றவர்கள். நாடு திரும்பிய லீ வொன்-குக் 1944இல் சியோலில் சொங்தோ க்வான் என்னும் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். விடுதலைக்குப் பின் இத்தகைய கூடங்கள் பெருகின. 'க்வான்' என்பது கூடம்; ஒவ்வொரு க்வானும் ஒரு குருகுலம் போலத் தனித்து இயங்கியது. கலைக்கு அப்போது பொதுப்பெயர் கிடையாது. சிலர் தங்சூதோ என்றனர், சிலர் கொங்சூதோ என்றனர். இரண்டுமே கராத்தே என்னும் சொல்லை எழுதும் எழுத்துகளின் கொரிய உச்சரிப்பு என்பதைக் கவனிக்க வேண்டும்.

விடுதலை பெற்ற நாட்டின் படையினர் ஆட்சியாளரின் கலையை ஆட்சியாளரின் பெயராலேயே பயில்வது உறுத்தலாக இருந்தது. தென்கொரியப் படையின் தளபதிகளுள் ஒருவரும், தாமும் ஜப்பானில் கராத்தே கற்றவருமான சொய் ஹொங்-ஹி முன்மொழிந்த 'டேக்வாண்டோ' என்னும் பெயர் 1955 ஏப்ரல் 11 அன்று ஏற்கப்பட்டது. பெயர் உடனே நிலைபெற்றுவிடவில்லை. 1961இல் சங்கத்தின் பெயர் 'தேசூதோ' என்று மாறி, 1965இல் மீண்டும் டேக்வாண்டோ ஆனது.

பெயர் மாறியதோடு கலையும் மாறியது என்பதே இங்கு முக்கியம். தொடக்கத்தில் கற்பிக்கப்பட்ட வரிசைகள் கராத்தேயின் வரிசைகளே. 1960களிலும் 1970களிலும் அவை விலக்கப்பட்டுப் புதிய வரிசைகள் ஆக்கப்பட்டன. மார்புக் கவசம் அணிந்து முழு விசையுடன் உதைக்கும் போட்டி முறை வந்ததும் உதைகள் உயர்ந்தன, சுழன்றன, விரைவு பெற்றன. இருபது முப்பது ஆண்டுகளில் கராத்தேயிலிருந்து கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வேறுபட்ட ஒரு கலை எழுந்துவிட்டது. இரவல் வாங்கிய விதையைத் தன் மண்ணில் விதைத்து வேறு மரமாக வளர்த்தது சிறிய சாதனை அன்று. அதை மறைக்க இரண்டாயிரம் ஆண்டுக் கதை தேவையில்லை.

நம் பக்கத்திலும் இதே போன்ற கதைகள் உலவுகின்றன. காஞ்சிபுரத்திலிருந்து சென்ற போதிதருமர் சீனாவுக்குக் குங்ஃபூ கற்பித்தார், அதுவே கொரியாவுக்கும் போயிற்று என்பது அவற்றுள் ஒன்று. 2011இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படத்துக்குப் பின் இது பாடநூல் செய்தி போலவே பேசப்படுகிறது. போதிதருமர் தென்னிந்திய அரச குலத்தவர் என்று கூறும் பழைய சீனக் குறிப்பு உண்டு. மேற்கு நாட்டவர் என்று கூறும் குறிப்பும் உண்டு. ஆனால் அவரை ஷாவ்லின் உடற்பயிற்சியோடு இணைக்கும் நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது. 'அயுதா' நாட்டிலிருந்து கி.பி. 48இல் கடல் கடந்து சென்று சூரோ மன்னரை மணந்ததாகச் சொல்லப்படும் ஹொ ஹ்வாங்-ஓக் அரசியின் கதை, 13ஆம் நூற்றாண்டுக் கொரிய நூலான 'சாம்குக் யூசா'வில் உள்ளது. அந்நாடு அயோத்தி என்பாரும் தமிழகம் என்பாரும் உளர். எதுவாயினும் அக்கதையில் தற்காப்புக் கலை பற்றி ஒரு சொல்லும் இல்லை. அம்மா, அப்பா என்பவற்றை ஒத்த சொற்கள் கொரிய மொழியிலும் இருப்பதைக் கொண்டு சிலம்பத்திலிருந்து டேக்வாண்டோ பிறந்தது என்று மாணவர்கள் தேர்வில் எழுதிவிடக் கூடாது.

தேக்யோன்

கொரியாவுக்கென்று மரபான கால்சண்டைக் கலை ஒன்று உண்மையாகவே இருந்தது. அதன் பெயர் தேக்யோன். டேக்வாண்டோ என்னும் பெயரைத் தெரிந்தெடுத்தபோது இப்பெயரின் ஒலியும் கருத்தில் கொள்ளப்பட்டது என்பர். தேக்யோனில் உடல் விறைப்பாக நிற்பதில்லை. முழங்கால்கள் தளர்ந்து, முக்கோணமாக அடியெடுத்து அசைந்துகொண்டே இருப்பர். முதன்முறை பார்ப்பவர்களுக்கு நடனம் போலத் தோன்றும். சிலம்பத்தில் காலடி எடுத்து வைத்து வீடு கட்டும்போது கம்பைவிடக் காலே ஆட்டத்தை நடத்துவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அழகு புரியும். எதிரியைக் காலால் தட்டி வீழ்த்துவதும் உதைப்பதும் இதன் வழி.

ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் இக்கலை ஏறத்தாழ மறைந்துபோயிற்று. இளமையில் இதைக் கற்று முதுமை வரை நினைவில் வைத்திருந்த சொங் தொக்-கி (1893–1987) என்பவரால்தான் அது அடுத்த தலைமுறைக்குக் கிடைத்தது. 1983இல் தென்கொரிய அரசு இதனைப் பாதுகாக்க வேண்டிய மரபுச் செல்வமாக அறிவித்தது. அப்போது அவருக்கு வயது தொண்ணூறு. நான்கே ஆண்டுகளில் அவர் மறைந்தார். 2011இல் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் தேக்யோன் இடம்பெற்றது. எழுதி வைக்கப்படாத எத்தனையோ சிலம்ப அடிமுறைகளும் வர்ம முறைகளும் நம் கிராமங்களில் இப்படி ஒரு முதியவரோடு போய்விட்டன.

ஹப்கிதோ, தங்சூதோ, கொரிய மல்யுத்தமான ஸிரும் ஆகியவையும் கொரியாவின் பிற கலைகள். ஸிரும் 2018இல் வடகொரியா, தென்கொரியா இரண்டின் பெயராலும் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

இரண்டு அமைப்புகள்

சொய் ஹொங்-ஹி 1966இல் சியோலில் பன்னாட்டு டேக்வாண்டோ கூட்டமைப்பைத் தொடங்கினார். அரசோடு ஏற்பட்ட பிணக்கால் 1972இல் கனடா சென்றார். பின்னர் அவரது முறை வடகொரியாவிலும் வேரூன்றியது. தென்கொரியாவில் 1972இல் குக்கிவொன் என்னும் தலைமைப் பயிற்சியகம் திறக்கப்பட்டது. 1973இல் உலக டேக்வாண்டோ கூட்டமைப்பு உருவானது. 1988 சியோல், 1992 பார்சலோனா ஒலிம்பிக் போட்டிகளில் காட்சி விளையாட்டாகவும், 2000 சிட்னி முதல் பதக்க விளையாட்டாகவும் இடம்பெற்றது இந்த இரண்டாம் முறையே. சொய்யின் முறையில் 24 வரிசைகள் உண்டு. முகத்தில் கையால் தாக்கவும் அனுமதி உண்டு. ஒலிம்பிக் முறையில் முகத்தில் குத்துவது குற்றம்.

பயிற்சி முறை

பயிற்சிக் கூடம் தோஜங், சீருடை தோபொக். வகுப்பு வணக்கத்துடன் தொடங்கும். வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு எனப் பட்டை மாறி இறுதியில் கருப்புப் பட்டை கிடைக்கும். முதற்சில மாதங்கள் நிற்கவும் நகரவும் தடுக்கவும் உதைக்கவும் கற்பதிலேயே கழியும்.

உதையின் நுணுக்கம் காலில் இல்லை, முழங்காலில் உள்ளது என்பதைப் புதிதாகக் கற்போர் நம்ப மாட்டார்கள். முன்உதையில் முதலில் முழங்கால் மார்புக்கு நேராக மடங்கி எழ வேண்டும்; அதன் பிறகே கீழ்க்கால் சாட்டை போல நீள வேண்டும். உதைத்தவுடன் கால் வந்த வழியே மடங்கித் திரும்ப வேண்டும். நீட்டிய காலை அப்படியே கீழே போடுபவரின் கால் எதிரியிடம் சிக்கும், சமநிலையும் போகும். சுழல்உதையில் தரையில் ஊன்றிய பாதம் குதிகால் முன்னோக்கும் வரை திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் உடலின் முறுக்கு முழுவதும் அந்த முழங்காலில் இறங்கும். இப்பயிற்சியில் முழங்கால் வலி வந்தவர்களைக் கேட்டால், உதைத்த காலைவிட ஊன்றிய காலையே குறை சொல்வார்கள்.

நெர்யோ சாகி என்னும் உதையில் கால் நேராகத் தலைக்கு மேல் உயர்ந்து, குதிகால் கோடரி போல எதிரியின் தலையில் இறங்கும். இந்த நிலையைக் கண்ணால் காண விரும்பும் திருத்தணி வட்டாரத்து மாணவர்கள் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. திருவாலங்காட்டு வடாரண்யேசுவரர் கோயிலின் இரத்தின சபையில் ஊர்த்துவ தாண்டவ மூர்த்தியின் கால் அப்படித்தான் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. காளியோடு நடந்த ஆடற்போட்டியில் கீழே விழுந்த காதணியைச் சிவபெருமான் காலாலேயே எடுத்துக் காதில் அணிந்ததாகவும், அதனை ஆட இயலாமல் காளி தோல்வியை ஒப்புக்கொண்டதாகவும் தலபுராணம் கூறும். கொரியக் கலைக்கும் இதற்கும் எந்த வரலாற்றுத் தொடர்பும் இல்லை. ஆனால் உடற்கூற்றுக் கணக்கு ஒன்றே: ஊன்றிய கால் அசையாதிருக்க, இடுப்பு மூட்டு திறந்து, தொடையின் பின்தசை நீண்டு கொடுத்தால்தான் கால் அவ்வளவு உயரம் போகும். அந்த நெகிழ்வு மாதக்கணக்கில் வருவது. பிள்ளைகளின் தோளை அழுத்திக் கால்களை வலுக்கட்டாயமாக விரித்து உட்கார வைப்பது தசையைக் கிழிக்குமே தவிர நெகிழ்வைத் தராது.

'பூம்சே' என்பது கற்பனை எதிரியோடு மோதுவதாக அமைந்த அசைவு வரிசை. கருப்புப் பட்டைக்கு முன் தேகுக் எனப்படும் எட்டு வரிசைகளைக் கற்க வேண்டும். இந்த எட்டும் 'ஈ சிங்' என்னும் சீனப் பழநூலின் எட்டுக் குறியீடுகளோடு இணைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் நான்கு தென்கொரியாவின் தேசியக் கொடியில் காணப்படுபவை. பலகை உடைத்தல் காட்சிக்கு எடுப்பானது. பயிற்சியில் அதன் பங்கு சிறிது.

'க்யொருகி' என்பது நேரடிப் போட்டி. எண்கோண விரிப்பின் மேல் இரண்டு நிமிடச் சுற்றுகளாக நடக்கும். மூன்று சுற்றுகளில் இரண்டை வென்றவர் வெற்றி பெறுவார். மார்புக் கவசத்தில் குத்துக்கு 1 புள்ளி, உதைக்கு 2, தலையில் உதைக்கு 3. சுழன்று திரும்பி உதைத்தால் மார்புக்கு 4, தலைக்கு 5. இடுப்புக்குக் கீழே உதைப்பது, விரிப்பை விட்டு வெளியேறுவது, வேண்டுமென்றே விழுவது ஆகியவற்றுக்கு எதிராளிக்கு ஒரு புள்ளி சேரும். கவசத்தினுள் இருக்கும் மின்னணு உணரிகள் உதையின் விசையை அளக்கின்றன. நடுவரின் ஓரவஞ்சனையைத் தடுக்க வந்த இந்த ஏற்பாடு ஆட்டத்தையே மாற்றிவிட்டது. முன்காலைத் தூக்கியபடியே வைத்துக்கொண்டு உணரியைத் தொட்டுத் தொட்டுப் புள்ளி எடுக்கும் ஆட்டம் பெருகியது. பழைய ரசிகர்கள் இதைக் 'கால் வாள்வீச்சு' என்று பழிப்பதில் நியாயம் உண்டு. திரும்பி உதைப்பதற்குப் புள்ளி உயர்த்தப்பட்டதன் நோக்கம், அந்தக் கண்கவர் உதைகள் மீண்டும் களத்துக்கு வர வேண்டும் என்பதே.

தலைக்கவசம் தோலில் வெட்டுக் காயத்தைத் தடுக்கும். மூளை அதிர்வை முழுதும் தடுக்காது. தலையில் உதை வாங்கிய பிள்ளை தலைசுற்றல், வாந்தி, மறதி என்று சொன்னால் அன்றைய பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு குதித்துப் பழகுவதும் கணுக்காலுக்குக் கேடு.

இந்தியாவிலும் தமிழகத்திலும்

திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் தொழிற்சாலை அமைத்த பின், சென்னையைச் சுற்றிக் கொரியக் குடும்பங்கள் குடியேறின. திருவள்ளூர், திருவாலங்காடு, அரக்கோணம் பக்கத்து இளைஞர்களுக்கும் கொரிய நிறுவனம் என்பது வேலைக்குச் செல்லும் இடமாயிற்று. ஆனால் டேக்வாண்டோ அதற்கு முன்பே வந்துவிட்டது. 1970களின் நடுப்பகுதியில் ஜிம்மி ஆர். ஜக்தியானி இந்தியாவில் இக்கலையை அறிமுகப்படுத்தி தேசிய அமைப்பையும் தொடங்கினார். 2002 பூசான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் சுரேந்திர பண்டாரி வெண்கலம் வென்றார். 2024 பாரிஸ் வரை ஒலிம்பிக் டேக்வாண்டோவில் இந்தியர் எவரும் களமிறங்கவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான டேக்வாண்டோ முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட டோக்கியோ பாராலிம்பிக்கில் அரியானாவின் அருணா தன்வர் பங்கேற்றார். அவ்விரு களங்களையும் சேர்த்துப் பார்த்தாலும் அவரே முதல் இந்தியர். பாராலிம்பிக் முறையில் தலையில் உதைப்பது தடை செய்யப்பட்டுள்ளது.

இவ்வளவு பெரிய நாட்டிலிருந்து வெற்றி இவ்வளவு குறைவாக வந்ததற்கு, தேசிய அளவில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் உரிமை கோரி வழக்காடியது ஒரு காரணம். இதன் சுமை கடைசியில் மாணவர் தலையில்தான் விழுகிறது. ஒரு சங்கத்தின் போட்டியில் வென்ற பதக்கமும் சான்றிதழும், கல்லூரிச் சேர்க்கையிலோ அரசு வேலையின் விளையாட்டு ஒதுக்கீட்டிலோ செல்லாது என்று பின்னாளில் தெரிய வருவது நடக்கக்கூடியது. கட்டணம் கட்டும் முன், அந்தச் சங்கத்துக்கு அப்போது அரசின் அங்கீகாரமும் உலக அமைப்பின் அங்கீகாரமும் உள்ளனவா என்று பெற்றோர் கேட்டறிய வேண்டும். இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டிகளிலும் டேக்வாண்டோ உண்டு. பள்ளி வழியாகச் செல்வோர்க்கு உடற்கல்வி ஆசிரியரே முதல் வழிகாட்டி.

கருப்புப் பட்டைச் சான்றிதழில் இரு வகை உண்டு. பயிற்சிக் கூடமோ உள்ளூர்ச் சங்கமோ தருவது ஒன்று. குக்கிவொன் பதிவு எண்ணுடன் வழங்குவது மற்றொன்று. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் குக்கிவொன் 'டான்' தருவதில்லை, 'பூம்' என்னும் இளையோர் நிலையையே தருகிறது. முதல் டானிலிருந்து இரண்டாவதற்குக் குறைந்தது ஓராண்டும், அதிலிருந்து மூன்றாவதற்கு இரண்டாண்டும் இடைவெளி வேண்டும். மேலே போகப்போக இந்த இடைவெளி கூடும். ஓராண்டிலேயே கருப்புப் பட்டையா என்று வியப்பவர்கள் உண்டு. கொரியாவிலேயே அப்படிப் பெறுவோர் பலர். அங்கு முதல் டான் என்பது அரிச்சுவடி முடிந்ததற்கு அடையாளம். எட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டாம் டான் வழங்கியதாக ஓர் அட்டை வந்தால், அதில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.