நாமினி என்றால் வாரிசா?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பகுதிகளில் லாரியையும் ரிக் வண்டியையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். வண்டிக்கு இன்சூரன்ஸ் எடுத்தாலும், சேலத்தில் வங்கிக் கணக்கு தொடங்கினாலும் "நாமினி யார்?" என்று கேட்பார்கள். மனைவி பெயரையோ மூத்த மகன் பெயரையோ சொல்லிவிட்டு, நமக்குப் பின் பணம் அவருக்கே என்று நினைத்துக்கொள்கிறோம். பேச்சு வழக்கில் நாமினியை 'வாரிசு' என்றே சொல்லியும் பழகிவிட்டோம்.

இந்த ஆங்கிலச் சொல், 'பெயர்' என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. பெயர் குறிக்கப்பட்டவர் என்பதே இதன் பொருள். தேர்தலில் 'நாமினேஷன்' தாக்கல் செய்தவர்கள் எல்லாம் எம்.எல்.ஏ. ஆகிவிடுவதில்லை. அதுபோல, படிவத்தில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் சொத்துக்கு உரிமையாளர் ஆகிவிடமாட்டார்.

வங்கி டெபாசிட்டில் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. பணம் வாரிசுகளுக்கு உரியது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் கூறியது. கம்பெனிப் பங்குகள், மியூச்சுவல் ஃபண்டு விஷயத்திலும் 2023 டிசம்பரில் இதே நிலையை உறுதி செய்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் நிலை வேறு. 2015 சட்டத் திருத்தத்தின்படி பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்களைப் பயனாளிகளாகவே சட்டம் கருதுகிறது. எனவே பாலிசி எடுக்கும்போதே ஆலிமிடமும் வழக்கறிஞரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது.

வாரிசுகளின் பங்கை சூரா அந்நிஸாவின் 11, 12ஆம் வசனங்கள் வகுத்துள்ளன. ஒருவர் மவுத்தாகி, அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் போக வங்கியில் ரூ.7,20,000 மீதமிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாய், மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள், தந்தை இல்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று, ரூ.90,000. தாய்க்கு ஆறில் ஒன்று, ரூ.1,20,000. மீதியில் மகனுக்கு ரூ.3,40,000, மகளுக்கு ரூ.1,70,000. நாமினி மகன் என்பதற்காக முழுத் தொகையையும் அவரே வைத்துக்கொண்டால், தாயின் ஹக்கும் சகோதரியின் ஹக்கும் பறிபோகின்றன.

ஆகவே நாமினியை அவசியம் பதிவு செய்வோம். பணம் அலைச்சலின்றிக் கைக்கு வரும். ஆனால் அது அமானிதம் என்பதை அவரிடம் இன்றே சொல்லிவைப்போம். கணக்குகளையும் கடன்களையும் எழுதி, வீட்டில் அனைவருக்கும் தெரியும்படி வைப்போம். அல்லாஹ் நம் அனைவரையும் பிறர் ஹக்கைப் பேணுபவர்களாக ஆக்குவானாக.