ஞாயிற்றுக்கிழமை டைரக்டர்

வீட்டில் ஒரு பிள்ளை, "சினிமா எடுக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டால் போதும். பெற்றோருக்குத் தூக்கம் போய்விடுகிறது. உபாத்தியாயராகிய நம்மிடம் அவனை அழைத்து வந்து, "நீங்களாவது புத்தி சொல்லுங்கள்" என்கிறார்கள். புத்தி சொல்வதற்குப் பதிலாக அவனுக்கு ஒரு வரலாற்றைச் சொல்வது நம் வழக்கம். அது வங்காளத்தில் நடந்தது.

ஸ்ரீ சத்யஜித் ராய் 1921-ம் வருஷம் கல்கத்தாவில் பிறந்தவர். பாட்டனாரும் தகப்பனாரும் குழந்தைகளுக்காக எழுதிப் பெயர் பெற்றவர்கள். ஆனால் மகனுக்கு மூன்று வயது நிரம்புமுன்பே தகப்பனார் காலமாகிவிட்டார். தாயார்தான் பாடுபட்டு வளர்த்தார். சாந்திநிகேதனத்தில் சித்திரக்கலை பயின்ற ராய், 1943-ல் ஒரு விளம்பரக் கம்பெனியில் மாதம் 80 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார். விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் 'பதேர் பாஞ்சாலி' நாவலைச் சுருக்கிச் சிறுவர்களுக்காக வெளியிட்டபோது அதற்குப் படம் வரைந்தவர் இவரே. அந்த ஏழைக் குடும்பத்தின் கதை அன்றே அவர் மனத்தில் குடிபுகுந்தது.

1950-ல் கம்பெனி அவரை லண்டனுக்கு அனுப்பிற்று. அங்கே 'சைக்கிள் திருடர்கள்' என்னும் இத்தாலியப் படத்தைக் கண்டார். அரங்க ஜோடனையில்லாமல், நிஜமான தெருவில், நடித்துப் பழகாத மனிதர்களைக் கொண்டே படமெடுக்கலாம் என்ற தைரியம் அவருக்குப் பிறந்தது.

தைரியம் பிறந்தது, பணம் பிறக்கவில்லை! முதலாளிகள் கையை விரித்தார்கள். இன்ஷியூரன்ஸ் பாலிஸியின் பேரில் கடன் வாங்கி, 1952 அக்டோபரில் படப்பிடிப்பைத் துவக்கினார். காமிராவைப் பிடித்த சுப்ரத மித்ரா அதற்குமுன் சினிமாக் காமிராவைத் தொட்டதே இல்லை. வெள்ளை வெளேரென்று நாணல் பூத்த வெளியில், அக்காளும் தம்பியும் ரயிலைத் தேடிச் செல்லும் காட்சி. பாதி எடுத்துவிட்டு அடுத்த விடுமுறையில் போய்ப் பார்த்தால், பூ ஒன்றுகூட இல்லை. மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன! மறுபடி நாணல் பூக்கும் வரையில் காத்திருக்க நேர்ந்தது.

கைப்பணம் தீர்ந்தது. அருமையாகச் சேர்த்த புத்தகங்களும் இசைத் தட்டுகளும் விலைபோயின. மனைவி விஜயா தம் நகைகளைக் கொடுத்தார். அவை அடகுக் கடைக்குச் சென்றன. அப்படியும் வேலை பல மாதங்கள் நின்றது. இதற்குள் நடிக்கும் சிறுவனுக்குக் குரல் உடைந்துவிட்டால்? எண்பதை எட்டிய பாட்டி சுனிபாலா தேவிக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால்? தெய்வாதீனமாக ஒன்றும் நேரவில்லை. கடைசியில் மேற்கு வங்காள முதன் மந்திரி டாக்டர் பி. சி. ராய் மனமிரங்க, சர்க்கார் பணம் கிடைத்தது. 1955-ல் படம் வெளியாயிற்று. மறு வருஷம் கான் நகர விழாவில், சிறந்த மானிட சாசனம் என்ற விருதைப் பெற்றது.

கதையை முடித்ததும் பையனின் முகம் மலர்ந்துவிடும். அப்போது நாம் மேலும் இரண்டு விஷயங்களை நினைவூட்டுவோம். படம் முடியும் வரையில் ராய் உத்தியோகத்தை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளும் விடுமுறைகளுமே ஆரம்பத்தில் அவருக்கு வாய்த்த காலம். மற்றொன்று, அடகுக்குப் போன நகை அவருடையதன்று. ஒருவருடைய கனவுக்குக் குடும்பமே ஈடு கொடுத்தது.

பையன் அதைக் கேட்டுத் தாயாரின் வெறுங் கழுத்தை ஒரு கணம் பார்ப்பானேயானால், அவனைத் தடுக்கவேண்டிய அவசியமில்லை என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்புகிறோம்.