இட்டேரிக்கு எத்தனை நிமிடம்?

மழை விட்ட மறுநாள். தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வாழைத்தார் ஏற்ற வரும் வேன், கைப்பேசி காட்டிய குறுக்கு வழியில் திரும்புகிறது என்று வையுங்கள். வரைபடத்தில் அது மெல்லிய கோடு. நேரில் இட்டேரி: இருபுறமும் வேலி, நடுவே வண்டித் தடம், இப்போது முழங்கால் சேறு. கணக்கு என்னவோ பிசகாமல்தான் போடப்பட்டிருக்கிறது.

வழி தேடும் அந்தக் கணக்கை 1956இல் ஆம்ஸ்டர்டாம் காபிக் கடை ஒன்றில் இருபதே நிமிடத்தில் யோசித்து முடித்தவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. கையில் காகிதம்கூட இல்லையாம். 1959இல் அச்சேறியது. சாலைகள் சேருமிடமெல்லாம் ஒரு புள்ளி. இரு புள்ளிகளுக்கு இடையிலான சாலைக்கு ஒரு விலை, நிமிடக் கணக்கில். புறப்பட்ட இடத்திலிருந்து மலிவாக எட்டும் புள்ளியை முதலில் எடுத்து, அதன் அக்கம்பக்கத்தை அளந்து, அடுத்த மலிவான புள்ளிக்கு நகர வேண்டும். வாய்க்கால் தண்ணீர் பாத்தி பாத்தியாக ஏறுவதைப் போல. 1968இல் வந்த ஏ-ஸ்டார் முறை, போகும் திசையையும் கணக்கில் சேர்த்தது. பேரூருக்குப் போகிறவர் நரசீபுரம் பக்கம் தேடுவானேன்?

இப்படியொரு செயலி செய்யப் பெரிய கம்பெனி தேவையில்லை. 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை யாரும் திருத்தலாம், எடுத்தும் பயன்படுத்தலாம். படத்தைத் திரையில் காட்ட லீஃப்லெட், வழிக்கு ஓஎஸ்ஆர்எம், தேடலுக்கு நாமினாட்டிம். மென்பொருள் எல்லாமே இலவசம். கல்லூரி மாணவர் ஒருவர் சனி, ஞாயிறில் ஒட்டவைத்துவிடுவார். இடறுவது சாலைக்குப் போடும் அந்த நிமிட விலையில்தான். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் மண் தடத்துக்குத் தனி வகை உண்டு. கெட்டித் தரையா, இளக்கமா என்று ஐந்து தரமும் உண்டு. எங்கோ உட்கார்ந்து செயற்கைக்கோள் படம் பார்த்து வரைந்தவர் அதைச் சாதாரணச் சாலை என்று குறித்துவிட்டால், வேன் சேற்றில்.

தேடல் இன்னும் குழப்பம். தொண்டாமுத்தூர் என்று ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது தொடக்கத்தில் ‘டி’யா, ‘டிஎச்’சா? ‘தூ’வுக்கு ஒரு ‘யு’வா, இரண்டு ‘ஓ’வா? 1965இல் லெவன்ஷ்டைன் சொன்ன அளவை இங்கே கைகொடுக்கும்: ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும்? ‘எச்’ விட்டுப்போனால் ஒன்று. ‘யு’ இரண்டு ‘ஓ’வானால் இரண்டு. குறைந்த எண் உள்ள பெயர் மேலே வரும். ‘புதூர்’ என்று அடித்தால் இதுவும் உதவாது; கொங்கு நாட்டில் எந்தத் திசையில் புதூர் இல்லை? நிற்கும் இடத்துக்கு அருகிலுள்ளதை முன்னே காட்ட வேண்டியதுதான்.

ஆனால் இங்கே பல விலாசங்கள் தோட்டத்துப் பேர்தான். தோட்டத்து வீட்டுக்குச் சாளை என்று பேர். ‘பெரிய கிணத்துத் தோட்டத்துச் சாளை’ என்றால் ஊரில் சிறுபிள்ளையும் வழி சொல்லும். வரைபடத்தில் யாரும் எழுதாத பெயரை எந்தக் கணினி தேடும்? தமிழ்ப் பெயருக்கென்றே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓர் இடம் உண்டு. சாளை வாசலில் நின்று அடித்தால் இரண்டு நிமிட வேலை.

பொழுது சாய்ந்துவிட்டால் பேச்சே வேறு. மலையடிவாரத் தடத்தைச் செயலி அப்போதும் குறுக்கு வழியாகவே காட்டிக்கொண்டிருக்கும். பேக்கரியில் டீ ஆற்றுகிறவர் எட்டிப் பார்த்துச் சொல்வார்: “அந்தப் பக்கம் போகாதீங்ணா, ஆனை எறங்கற நேரம். ரோட்டுலயே சுத்திப் போயிருங்க.”